கைராசிக்கார டீச்சர்

தென்காசிக்கு நான் வேலைக்கு வந்தபோது என் பெட்டியில் இருந்தவை எல்லாமே வெள்ளைச் சேலைகள். அதில் துறவும் இல்லை, துக்கமும் இல்லை. கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் வெள்ளைதான் உடுத்தவேண்டும் என்பது சட்டம். படிப்பு முடிந்துவிட்டது என்பதற்காக நல்ல சேலைகளைத் தூக்கியா போட முடியும்? கிழிகிறவரைக்கும் உடுத்துவோம் என்று கொண்டுவந்தேன். அதை வைத்துத் தெரு என்னைப்பற்றி ஒரு முடிவு கட்டிவிட்டது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

பிறந்தது கடற்கரை ஊர். கடலுக்குப் போன அப்பா, எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது ஒருநாள் திரும்பி வரவில்லை. அம்மா என்னைக் கன்னியர் மடத்து போர்டிங்கில் விட்டுவிட்டுக் கருவாட்டுக் கூடையைத் தலையில் தூக்கினாள். எழுந்திருக்க ஒரு மணி, சாப்பிட ஒரு மணி, பேச ஒரு மணி, பேச்சை நிறுத்த ஒரு மணி என்று வளர்ந்தேன். மடத்திலேயே சேர்ந்துவிடுவேன் என்று எல்லாரும் நினைத்தார்கள், நானும்தான். தலைமைத் தாயார் ஒருநாள் கூப்பிட்டு, "உனக்கு விசுவாசம் இருக்கிறது, கீழ்ப்படிதல்தான் வராது. கோபம் மூக்கு நுனியில் நிற்கிறது" என்றார். அவர் சொன்னது சரிதான். மடத்துக்கு ஆகாதவள் ஒண்ணாம் வகுப்புக்காவது ஆவாள் என்று அனுப்பிவைத்தார்கள். ஐம்பதுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம், சாரல் முகத்தில் அடிக்க, தகரப்பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஊரில் எனக்கு யாரையும் தெரியாது.

பள்ளிக்கூடம் மாதா கோயிலை ஒட்டிய ஓட்டுக் கட்டடம். பங்குச் சாமியாரே அதற்கு மேனேஜர். பிள்ளைகளில் எங்களைப்போல வேதக்கார, அதாவது கிறிஸ்தவப் பிள்ளைகள் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் பிள்ளைமார் தெரு, தேவமார் தெரு, ராவுத்தர் வீடுகளிலிருந்து வருகிறவை. தலைமையாசிரியரும் வேதக்காரர்தான். நல்ல மனிதர், ஆனால் பிரம்பு இல்லாமல் அவரால் 'உட்கார்' என்றுகூடச் சொல்ல முடியாது. என் மேசையில் பிரம்பு இல்லாததைப் பார்த்துவிட்டு, "அடியாத மாடு படியாது டீச்சர்" என்றார். "மாட்டுக்குச் சரிதான் சார், என்கிட்ட இருக்கிறதெல்லாம் கன்னுக்குட்டி" என்றேன். அதன்பிறகு அவர் என்னிடம் அதிகம் பேசுவதில்லை.

போர்டிங்கில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது ஒரு மரக்கோல். தப்பாக எழுதினால் விரல் கணுவில் ஒரு தட்டு. இன்றைக்கும் 'ழ' எழுதும்போது என் கை தன்னால் ஒருமுறை சுருங்கும். அதனால் ஒண்ணாம் வகுப்புக்கென்று சில பிடிவாதங்கள் வைத்துக்கொண்டேன். முதல் மாதம் சிலேட்டு கிடையாது, ஆற்றுமணல்தான். பிள்ளையை முதலில் ரிஜிஸ்டர் பெயரால் கூப்பிடுவதில்லை, வீட்டில் கூப்பிடுகிற பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு அதைச் சொல்லிக் கூப்பிடுவேன். அலமாரியில் உலர்ந்த கால்சட்டைகள் நாலைந்து எப்போதும் இருக்கும். நனைத்துக்கொண்ட பிள்ளை யாருக்கும் தெரியாமல் போய் மாற்றிக்கொண்டு வரலாம். எல்லாவற்றுக்கும் மேலே, ஒவ்வொரு பிள்ளையின் விரலையும் என் கைக்குள் வைத்துத்தான் எழுத்தைப் போடவைப்பேன். எழுத்து கண் வழியாகப் போவதாகச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அது கைச்சூடு வழியாகத்தான் போகிறது என்று எண்ணம். போர்டிங்கில் என் கையை யாரும் பிடித்ததில்லை என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம்.

நாலு மணிக்குப் பிள்ளைகள் போய்விடும். அதற்கப்புறம் மறுநாள் காலை வரை நான் பேசுவதற்கு ஆள் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சைவ வேளாளர் வீட்டின் பக்கவாட்டு அறையில் குடியிருந்தேன். சந்து வழியாகத் தனி வாசல். வீட்டுக்கார அண்ணாச்சி வாய்விட்டுச் சொன்ன ஒரே நிபந்தனை மீன் வாசம் வரக்கூடாது என்பது. கடற்கரையில் பிறந்தவளுக்கு அது லேசுப்பட்ட காரியமில்லை. அம்மா கொடுத்தனுப்பிய கருவாட்டைப் பள்ளிக்கூட ஆயாவிடம் கொடுத்துவிட்டு, அவள் அதைப் பொரிக்கிற வாசத்தை மனசாலேயே நினைத்துக்கொண்டு புளிக்குழம்பு சாப்பிட்டிருக்கிறேன்.

அண்ணாச்சியின் தங்கை அந்த வீட்டின் பின்கட்டில் இருந்தாள். என்னைவிட மூன்று நாலு வயது கூட இருக்கும். கல்யாணமான மறுவருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்தவள். அவளுக்கும் வெள்ளைச் சேலைதான். வேற்றுச் சாதிக்காரி நான் கிணற்றில் வாளி போடக்கூடாது என்பது வழக்கம் என்பதால் அவள் இறைத்து, உயரத் தூக்கி, என் குடத்தில் ஊற்றுவாள். முதல் ஒரு மாதம் தண்ணீர் மட்டும் ஊற்றினாள். பிறகு, "டீச்சர், இன்னைக்கு என்ன பொங்குனிய?" என்று கேட்டாள். பிறகு சாயங்காலங்களில் என் அறையின் பின்வாசல் படியில் வந்து உட்கார ஆரம்பித்தாள். என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள், ஆனால் விளக்கு வைக்கிற நேரம்வரைக்கும் உட்கார்ந்திருப்பாள். எட்டாவது வரை படித்தவள். வகுப்பில் அன்றைக்கு எந்தப் பிள்ளை என்ன சொன்னது என்பதை ஒன்று விடாமல் நான் சொல்லவேண்டும். நான் அக்கா என்று கூப்பிட்டேன். ஊரில் என்னோடு பேசிய ஒரே ஆள் அவள்தான். அவள் வராத சாயங்காலம் எனக்குச் சோறு இறங்காது. இதை இப்படிப் பட்டவர்த்தனமாக அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த வருஷம் விஜயதசமி வந்தது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவைக்காவிட்டால் புதுப் பிள்ளைகள் எல்லாம் வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும் என்பதால் சாமியார் திறக்கச் சொல்லுவார். பூசை கிடையாது, ஆனால் வீட்டிலிருந்து தாம்பாளத்தில் பச்சரிசி கொண்டுவந்தால் வேண்டாம் என்பதில்லை. ஆசிரியர் பிள்ளையை மடியில் வைத்து, விரலைப் பிடித்து, அரிசியில் 'அ' போடவைக்கவேண்டும். முதல் எழுத்துப் போட்ட கையின் ராசி ஆயுசுக்கும் வரும் என்பது நம்பிக்கை. ஒண்ணாம் வகுப்பு என்னுடையது. ஆனால் தாம்பாளங்கள் எல்லாம் தலைமையாசிரியர் மேசைக்கு வரிசை கட்டின. அவர் பிரம்பைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றாக எழுதவைத்தார். நான் விரித்த பாயில் நானே உட்கார்ந்திருந்தேன். வேதக்காரி என்பதாலோ என்று பார்த்தால் அவரும் வேதக்காரர். பெண்பிள்ளை என்பதாலோ என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றும் பிடிபடவில்லை.

மறுவருஷம் ஆவணியில் பிடிபட்டது. சீசன் முடிகிற சமயம், கூட்டம் குறைந்திருந்தது. அக்கா குற்றாலத்தில் குளித்துவிட்டுக் குற்றாலநாதரைக் கும்பிட்டு வரவேண்டும் என்று ரொம்ப நாளாக அண்ணனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். "டீச்சர் கூடன்னா போயிட்டு வா" என்று அண்ணாச்சி அனுப்பினார். குதிரைவண்டியில் போனோம். பெண்கள் பக்கத்தில் பத்துப் பதினைந்து பேர்தான். அருவிக்கடியில் நின்றால் யார் சேலை என்ன நிறம் என்று யார் பார்க்கிறார்கள்? அக்கா அதுவரை நான் பார்த்திராத மாதிரி வாய்விட்டுச் சிரித்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் உள்ளே இழுத்தாள். அந்த இரைச்சலில் என் காதோடு வாயை வைத்துக் கேட்டாள்.

"டீச்சர், ஒங்க வீட்டுல அவிய எப்படித் தவறுனாவ?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக விளங்கியது. வெள்ளைச் சேலை. பொட்டு இல்லை, பூ இல்லை, வளையல் இல்லை. கழுத்தில் தாலி இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. விடிகாலைப் பூசைக்குத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு தலைகுனிந்து போகிறேன். வெள்ளிக்கிழமை இறைச்சி தொடாத சுத்தபோசனம், தபசுகாலத்தில் ஒருவேளை மட்டும் சாப்பிடுகிற ஒருசந்தி. போர்டிங் என்னை நல்ல கத்தோலிக்கப் பெண்ணாக வளர்த்திருந்தது, தென்காசிக் கண்ணுக்கு அது அச்சு அசல் கைம்பெண். தெருவில் எதிரே வருகிறவர்கள் காலையில் என்னைக் கண்டதும் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் நின்றுவிடுவது இதற்குத்தான். தங்கைக்குத் துணையாயிற்று என்று எனக்கு இந்த வீடு கிடைத்ததும் இதனால்தான்.

அருவிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று காதைக் காட்டித் தலையாட்டினேன். அவள் திரும்பக் கேட்கவில்லை. கேட்டது தப்போ என்று நினைத்தவள்போல என் தோளை ஒருமுறை தடவிக்கொடுத்தாள்.

வண்டியில் திரும்பி வரும்போது சொல்லியிருக்கலாம். அவள் என்னிடம் வந்து உட்கார்ந்ததே, தன்னைப்போல் ஒருத்தி என்று நினைத்துத்தான். சொன்னால் படியில் உட்காருவாளா? இன்னொன்றும் இருந்தது. 'ஐயோ, நான் விதவை இல்லை' என்று சொல்வதே, அப்படி இருப்பது ஏதோ கேவலம் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்வது மாதிரி எனக்குப் பட்டது. சொல்லாமலே ஒரு மாதத்தை ஓட்டினேன்.

சாமியார் ஓடவிடவில்லை. அவருக்கும் எப்படியோ விஷயம் போயிருந்தது. கூப்பிட்டு, "ஒண்ணாம் வகுப்பில் பிள்ளை சேராவிட்டால் ஒண்ணு, ரெண்டு வகுப்பு ரெண்டையும் சேர்த்து எச்.எம்மிடம் கொடுத்துவிடச் சொல்லுவார்கள். உன்னை வைத்துக்கொள்ள எனக்கு வழி இல்லை அம்மா. ஒரு கலர்ச் சேலை உடுத்தினால் என்ன, குடியா முழுகிப்போகும்?" என்றார். அம்மா தலையில் இன்னும் கருவாட்டுக் கூடை இருந்தது. கடையநல்லூர்த் தறியில் நெய்த நீலச் சேலை ஒன்று எடுத்தேன்.

சாமியாரும் வீட்டுக்கார அண்ணாச்சியிடம் உண்மையைச் சொல்லிவைத்திருந்தார். அதைக் கட்டிக்கொண்டு வெளியே வந்த அன்று அண்ணாச்சியின் மனைவி என்னை நிற்கச் சொன்னாள். அத்தனை நாளில் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். "கன்னிப் பொண்ணைப் போயி நாங்க என்னமோ நெனச்சிட்டோம். மனசுல வச்சுக்கிடாதிய டீச்சர்" என்று ஒரு முழம் பிச்சிப்பூவை நீட்டினாள். வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது கிணற்றடியில் அக்கா வாளியோடு நிற்பதைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் அவள் படிக்கு வந்தாள், உட்காரவில்லை. "நா ஒங்கள என்ன மாதிரின்னுல்லா நெனச்சேன்" என்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா." நான் ஏதோ சொல்ல ஆரம்பிப்பதற்குள் போய்விட்டாள். மறுநாளிலிருந்து கிணற்றடியில் குடம் நிறைந்தது, பேச்சு நின்றுபோனது.

அந்த விஜயதசமிக்குத் தாம்பாளங்கள் என் பாய்க்கு வந்தன. கன்னிப்பெண், அடிக்காத டீச்சர், வெள்ளிக்கிழமை மீன்கூடத் தொடாதவள்! அதற்குமுன் அபசகுனமாக இருந்த அதே குணங்கள் எல்லாம் இப்போது ராசியாகிவிட்டன. மீன் தொடாதது விரதத்தால் இல்லை, அண்ணாச்சி நிபந்தனையால் என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? 'கைராசிக்கார டீச்சர்' என்று பெயர் வந்தது. சுரண்டையிலிருந்துகூட ஒரு குடும்பம் பஸ் ஏறி வந்தது. பகலெல்லாம் சின்னச் சின்ன விரல்கள் என் கைக்குள் இருக்கும். நாலு மணிக்குமேல் நான் என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கைம்பெண் என்று நினைத்தவரைக்கும் தெரு என்மேல் இரக்கப்பட்டு ஒதுங்கிக்கொண்டது. கல்யாணம் ஆகாதவள் என்று தெரிந்தபிறகு ஏன் ஆகவில்லை என்று விசாரணைதான். பேசுகிறவர்கள் கூடினார்கள், துணை போய்விட்டது.

அதற்கு அடுத்த விஜயதசமிக்கு அண்ணாச்சி தன் ஒரே மகனைக் கொண்டுவந்தார். அக்கா தூக்கி வளர்த்த பிள்ளை. வீட்டில் எல்லாரும் வந்திருந்தார்கள், அவள் மட்டும் வரவில்லை. நல்ல காரியத்துக்கு அவள் எதிரே வரமாட்டாள். பையனை மடியில் வைத்து அரிசியைப் பரப்பினேன். நான் விரலைப் பிடிப்பதற்குள் அவனே விரலை நீட்டி 'அ' போட்டான். அழித்துவிட்டு 'ஆ' போட்டான். 'இ' போட்டுவிட்டு என்னைப் பெருமையாகப் பார்த்தான்.

"ஏலே, யாருலே ஒனக்குச் சொல்லிக்குடுத்தா?" என்று அவன் அம்மா கேட்டாள். குரலில் ஆச்சரியம் இருந்தது, பயமும் இருந்தது.

அவன் வாயைத் திறந்தான். எனக்குத் தெரிந்துவிட்டது. பின்கட்டில், யாருக்கும் தெரியாமல், அவள் விரலைப் பிடித்துப் போடவைத்திருக்கிறாள். அவன் 'அத்தை' என்று சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளையின் முதல் எழுத்தே பாழாகிவிட்டது என்று வீடு இரண்டுபடும். நாளைக்கு அவனுக்குக் காய்ச்சல் வந்தாலும் அவள்தான் காரணம், பாடத்தில் தோற்றாலும் அவள்தான் காரணம். அதைவிட, பையனை அவள் பக்கமே விடமாட்டார்கள்.

"நான்தான்" என்றேன். "சாயங்காலம் சந்தில் விளையாட வருவான்லா, அப்போ மண்ணில் எழுதிக் காட்டினேன்."

பொய் சொல்லக்கூடாது என்று தினமும் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஐந்து வயசுப் பிள்ளையின் வாயை அடைத்தேன். அவன் என்னை அண்ணாந்து பார்த்தான். அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "இதாம்யா கைராசி" என்றார். சனிக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். அவர் மாதாவை நோக்கி ஒரே ஒரு பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார். பெரிய பாவமாக அவருக்குப் படவில்லை போலிருக்கிறது.

ரெண்டு மூன்று நாள் கழித்து அக்கா பின்வாசலுக்கு வந்தாள். ஒரு வருஷத்துக்கு அப்புறம்.

"நீங்க சொன்னது அப்படியே இருக்கட்டும் டீச்சர்" என்றாள். "இனிமேயும் நீங்கதான் சொல்லிக்குடுக்கியன்னு இருக்கட்டும். ஒங்ககிட்ட டியூசன்னு அனுப்பச் சொல்லுதேன். நா கூட வந்து இருந்துக்கிடுதேன்."

அப்படித்தான் நடந்தது. சாயங்காலம் சந்து வழியாகப் பையன் வருவான், பின்வாசல் வழியாக அவள் வருவாள். அவன் விரலை அவள்தான் பிடித்தாள், அவனுக்கு வாய்ப்பாடு அவள்தான் சொன்னாள். நான் ஓரமாக உட்கார்ந்து பிள்ளைகளின் சிலேட்டுப் பலகைகளுக்குச் சட்டம் இறுக்கிக்கொண்டிருப்பேன். எனக்கு அவள் திரும்பக் கிடைத்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். அப்படிக் கிடைக்கவில்லை. அவள் வந்தது அவனுக்காக. என்னிடம் வகுப்புக் கதை கேட்கிற பழக்கம் போனது போனதுதான். இருந்தாலும் அறையில் அவள் குரல் இருந்தது, அதுவே எனக்குப் போதும் என்று வைத்துக்கொண்டேன். அவன் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனதும் டியூஷன் நின்றது. அப்புறம் அவள் வருவது நல்லநாள் பெரியநாளுக்கு என்று ஆனது.

அறுபதுகளின் கடைசியில் பையன் பாளையங்கோட்டைக்குக் காலேஜுக்குப் புறப்பட்டான். போகிற அன்று தட்டில் பழமும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு என்னிடம் ஆசீர்வாதம் வாங்க வந்தான். மீசை அரும்பியிருந்தது. "மொத எழுத்து நீங்க போட்டதுல்லா டீச்சர், ஒங்ககிட்ட சொல்லாமப் போவனா" என்றான்.

இனிமேல் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். "நான் போடலைப்பா. உன் அத்தைதான் போட்டா. விஜயதசமிக்கு முன்னாலேயே போட்டுட்டா. டியூஷனும் அவதான் எடுத்தா, உனக்கு ஞாபகம் இல்லையா?" என்றேன்.

அவன் சிரித்தான். "அத்த சும்மா கூட இருப்பா. டீச்சர் எப்பவுமே இப்படித்தான், தான் செஞ்சதச் சொல்லிக்கிட மாட்டிய" என்று காலைத் தொட்டுவிட்டுப் போனான். பெரிய மனசுக்காரி என்று என்னை நினைத்துக்கொண்டே போயிருப்பான்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி மனைவி வந்தாள். நல்ல நேரத்தில் இறங்குகிறானாம். அவன் தெருவில் கால் வைக்கும்போது நான் எதிரே நடந்து வரவேண்டுமாம். "ஒங்க முகத்துல முழிச்சிட்டுப் போனா எல்லாம் செயமா முடியும்" என்றாள். மனுஷ முகத்தில் என்ன சகுனம் இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் போய்விட்டாள்.

பின்வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவன் இறங்குகிறவரைக்கும் பின்கட்டிலேயே இருக்கச் சொல்லியிருப்பார்கள். என் அறையின் தெருப்பக்கத்து ஜன்னல் வழியாக அவனைப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறாள்.

"நான் போகமாட்டேன் அக்கா" என்றேன். "நீ வா. அவன் கையைப் பிடிச்சது நீ. ரெண்டு பேரும் எதிரே நடந்து போவோம். யார் என்ன சொல்லுதாங்கன்னு பாத்துருவோம்."

நான் நிஜமாகவே சொன்னேன். அத்தனை வருஷக் கோபமும் அப்போது கால் வழியாக நடக்கத் தயாராக இருந்தது. அவள் கையைப் பிடித்தும் இழுத்தேன். அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"கூறுகெட்ட பேச்சுப் பேசாதிய டீச்சர்" என்றாள். கோபம் இல்லை, மந்தமான பிள்ளைக்குச் சொல்கிற பொறுமையோடு சொன்னாள். "புள்ள மொதமொத வெளியூர் போறான். நா எப்படி அவன் முன்னால வர? நீங்க போங்க. நீங்க போனாத்தான் அவனுக்கு நல்லது."

முதுகில் கைவைத்து என்னை வாசல் பக்கம் தள்ளினாள். நான் போனேன். எதிரே வந்த பையன் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நிறைந்த முகத்தோடு கடந்து போனான். நான் திரும்பி வந்தபோது அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவன் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லபடியா போயிட்டான் என்ற திருப்தி அவள் முகத்தில் இருந்தது.

அதுவரைக்கும் அந்த ஊரில் எனக்கு ஒரு எண்ணம் இருந்தது: இந்தச் சகுனம், ராசி எல்லாம் அவர்கள் சொல்வது, நானும் அக்காவும் அதை நம்பாமல் இந்தப் பக்கம் இருக்கிறோம் என்று. அந்த அறையில் நான் எத்தனையோ சாயங்காலம் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். அவள் பக்கத்தில் நிற்கும்போதே தனியாக இருந்தது அன்றைக்குத்தான்.